பருத்தி விழுந்த ஆட்டம்

முதலில் அது சோளப்பொரி என்றுதான் வெர்டெல் நினைத்தாள். எதிரணியான ஹோல்கம் பள்ளியின் விளையாட்டு அரங்கில் வாசலை ஒட்டியே பொரி விற்கும் மேசை. பையன்கள் அதை வாயில் போட்டுக்கொள்வதைவிட ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடுவதுதான் அதிகம். மூன்றாவது பாகம் தொடங்கிச் சற்று நேரத்தில், களத்தில் நின்ற இமாரியின் காலடியில் வெள்ளையாக ஏதோ விழுந்தபோது, காசு கொடுத்து வாங்கி எறிகிறார்களே என்று மட்டும் எண்ணிக்கொண்டு மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அடுத்து விழுந்தது உருண்டது. பொரி அப்படி உருளாது. அது தரையில் இரண்டு முறை துள்ளி, கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த வெர்டெலின் பூட்ஸ் முனையில் வந்து நின்றது. காய்ந்த ஓடு விரிந்து, நான்கு சுளையும் பிதுங்கிய முழுப் பருத்திக்காய்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்பக்க மரப்படிகளின் உச்சியில் இருபது பையன்கள் இருக்கும். முழங்கால்வரை மடித்த கால்சட்டை, தோள்வார் வைத்த உழவர் உடுப்பு, வைக்கோல் தொப்பி. அன்றைக்கு அவர்களுக்கு அறுவடை வேடமாம். ஒவ்வொருவன் மடியிலும் மளிகைக்கடைக் காகிதப் பை இருந்தது. ஜனவரியில் அந்தப் பக்கத்துச் சாலையோரமெல்லாம் வண்டியிலிருந்து சிந்திய பருத்தி அழுக்குப் பனிபோல் ஒதுங்கிக் கிடக்கும். குனிந்தால் பை நிறைந்துவிடும். தொப்பிக்காரர்களில் ஒருவன் கையை வாயருகே குவித்துக் கத்தினான். "பருத்தி எடுக்கப் போங்கடி." அவனுக்குக் கீழ்ப்படிகளில் அம்மா, அப்பாக்கள் இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் திடீரென்று கைபேசியில் ஏதோ தேடத் தொடங்கினார்கள்.

மெர்வின் கவுண்டி மாவட்டப் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு பேர், பத்துப் பேர் கறுப்புப் பிள்ளைகள். களத்தில் நின்ற ஐந்து பேரும் அப்படித்தான், பருத்திக்காட்டு அடிமைகளின் வழிவந்தவர்கள். நடுவர் பாதத்தின் பக்கவாட்டால் ஒரு காயைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டுப் பந்தைக் கொடுத்தார். ஏதோ ஈரத்தைத் துடைத்ததுபோல் அவ்வளவு சாதாரணமாக. கோச் விட்லோ எழுந்து நின்று, "மேல பாக்காதீங்க, பந்தப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வயது, வெள்ளைக்காரர், கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தன் கையால் கேக் செய்துவருகிறவர். அவர் தோளில் ஒன்று விழுந்தது. பூச்சியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டார்.

அணித்தலைவி இமாரி போல்டின், கூடையைப் பார்த்துத் தனியாக எறியும் ஃப்ரீ த்ரோ போட வந்து நின்றபோது ஏழெட்டுக் காய்கள் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்று சரியாக அவள் கால் வைக்க வேண்டிய இடத்தில். அவள் குனிந்து அதை எடுத்தாள். வேறென்ன செய்வாள், மிதித்தால் வழுக்கும். மேலிருந்து ஒரு குரல், "பாருடா, எடுக்கறா. கைப்பழக்கம் இன்னும் போகல." அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. மரப்படிகளே சிரித்ததுபோல் இருந்தது. இமாரி அந்தக் காயைக் கோட்டோரம் மெதுவாக வைத்தாள். பந்தை மூன்று முறை தட்டினாள். போட்டாள், விழுந்தது. மறுபடி போட்டாள், அதுவும் விழுந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பதினேழு வயதில் ஒரு முகம் அப்படி வெறுமையாக இருக்கக் கற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் வெர்டெலுக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி, பத்தொன்பது வருட வேலை. அறுபது பிள்ளைகள் கூச்சலிடும் வண்டியை ஒரு அதட்டலில் அடக்குகிறவள். அன்றைக்கு அந்தக் கீழ்ப்படியில் பையைப் பிடித்தபடி ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

திரும்பும்போது வண்டியில் பாட்டு இல்லை. வழக்கமாகத் தோற்றால்தான் சத்தம் கூடும். நடுவரைத் திட்டுவார்கள், கோச்சின் நடையைப் போலச் செய்து காட்டுவார்கள். அன்று டயர் ஓசை மட்டும். கோச் முன்னிருக்கையில் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. இமாரி ஓட்டுநருக்கு நேர்பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்த கண்ணாடியில் அவளுடைய பின்னல்களில் பஞ்சு இழைகள் ஒட்டியிருப்பது தெரிந்தது. கவுண்டி எல்லை தாண்டியதும் அந்தப் பெண் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"மிஸ் வெர்டெல், நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"சரி," என்றாள் இமாரி. அவ்வளவுதான். அந்தச் சரியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் வெர்டெலுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சொந்த ஊர் ஆட்டம். பேருந்து ஓட்டுகிறவளுக்கு அங்கே வேலை இல்லை என்றாலும் வெர்டெல் போயிருந்தாள். தேசிய கீதம் ஒலிபெருக்கியில் தொடங்கியது. எல்லோரும் எழுந்து கொடியைப் பார்த்தார்கள். களத்தில் வரிசையாக நின்ற பன்னிரண்டு பேரில் இமாரியோடு முதல் ஐந்து பேர், கறுப்பு விளையாட்டு வீரர்கள் எதிர்ப்பைக் காட்டச் செய்வதுபோல், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார்கள். கத்தவில்லை, முஷ்டியை உயர்த்தவில்லை. தலையைக் குனிந்து, கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பாட்டு முடிந்ததும் எழுந்து ஆடப் போய்விட்டார்கள். ஒன்றரை நிமிடம். ஆனால் அந்த அரங்கில் அதுவரை வெர்டெல் கேட்டிராத கூச்சல் எழுந்தது. ஹோல்கமில் பருத்தி விழுந்தபோது கைபேசி பார்த்த அதே மாதிரி முகங்கள்தான். இப்போது எல்லோருக்கும் கண் தெரிந்தது, வாய் வந்தது. ஒரு அம்மா தன் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டே, "வெளிய அனுப்புங்க அதுங்கள," என்று கத்தினாள்.

திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஹோல்கம் பள்ளி எழுதியது ஒன்று. பருத்தி தங்கள் மண்ணின் பயிர், தங்கள் பெருமை. அறுவடை வேடத்தின் உற்சாகத்தில் சில மாணவர்கள் சற்று எல்லை மீறியிருக்கலாம். யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை. இன்னொன்று இவர்களுடைய கல்வி அலுவலகம் அந்த ஐந்து வீடுகளுக்கும் அனுப்பியது. அதில் கொடி என்ற சொல்லோ கீதம் என்ற சொல்லோ இல்லை. அணி ஒழுங்கு விதி ஒன்பது, பயிற்சியாளரின் முன் அனுமதியின்றிக் கூட்டாகச் செயல்பட்டது, எனவே இரண்டு ஆட்டங்களுக்கு நீக்கம். அந்த இரண்டு ஆட்டங்களும் வட்டாரப் போட்டியின் ஆட்டங்கள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஒன்றாகக் குறைக்கப்படும். ஐந்து பேரில் ஒருத்திகூடப் போடவில்லை.

வெர்டெலின் கணவன் லெமுவேல் காஸ்கின்ஸ் இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவன். சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவன். வீட்டு முன்னால் கொடிக்கம்பம் வைத்திருப்பவன். மழை வருமென்றால் ஓடிப்போய் இறக்குகிறவன். அன்று மத்தியானம் கொல்லையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். சோளமாவில் புரட்டிய கெளுத்தித் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டுக்கொண்டே, அவள் கடிதத்தைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டான்.

"ரெண்டு ஆட்டம் அதிகம்தான்," என்றான். "ஆனா பொண்ணுங்க பண்ணதும் சரியில்ல, வெர்டி."

"எது சரியில்ல?"

"பருத்தி எறிஞ்சது ஹோல்கம் பசங்க. கொடி எறியல. என்கூடப் பட்டாளத்துல இருந்து செத்த வெண்டெல நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், தெரியுமில்ல. பாக்தாத்லேருந்து இங்க வரைக்கும் அந்தப் பெட்டி பக்கத்துல உக்காந்து வந்தேன். அது மேல போத்தியிருந்தது அந்தத் துணிதான். அவங்கம்மா மடியில மடிச்சு வெச்சப்போ அதப் புள்ளையத் தொடற மாதிரித் தொட்டாங்க. அதுக்கு முன்னாடி மண்டி போட்டு மொகத்தக் கவுத்துக்கறதுன்னா என்னால முடியாது."

"அதே வெண்டெல அடக்கம் பண்ணிட்டு வர்ற வழியில, யூனிஃபார்மோட பெட்ரோல் போட எறங்கினியே, அந்தக் கடைக்காரக் கிழவன் என்ன கேட்டான்? 'என்ன வேணும்டா பையா'ன்னு கேட்டான். ஒனக்கு அப்ப நாப்பது வயசு. நெஞ்சு நெறைய மெடல்."

"அது அவன் அழுக்கு. கொடியோட அழுக்கு இல்ல."

"அவன் கடை வாசல்லயும் அதே கொடிதான் பறந்துச்சு, லெம்."

அவன் கரண்டியால் எண்ணெயைக் கலக்கினான். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னான். "இவ்வளவு பேசறியே, அன்னிக்கு நீயும் எழுந்திருக்கல."

சொன்ன பிறகு அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினான். ஆனால் அவள் உள்ளே போய்விட்டாள். படுக்கையில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அவன்மேல் வந்த கோபம் நிற்கவில்லை, நழுவி நழுவித் தன்மேலேயே வந்து விழுந்தது. எழுந்து நின்று, நிறுத்துங்கள் என்று ஒரு சொல். அதைச் சொல்லப் பெரியவர்கள் ஒருவரும் இல்லாமல் போனதால்தானே அந்தப் பிள்ளைகள் தங்கள் முழங்காலைத் தேட வேண்டியிருந்தது.

கல்விக் குழுவின் கூட்டம் செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பள்ளி நூலகத்தில். பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிக் கொடுக்கலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்டெல் பெயர் எழுதிக் கொடுத்த செய்தி அரை மணி நேரத்தில் பேருந்துப் பிரிவு மேலாளருக்குப் போய்விட்டது. வண்டிக் கொட்டகையில் அவளைப் பார்த்து, மிகவும் நட்பாக, "நீ பேசித்தான் ஆகணும்னு இல்லையே. ஒன் வேலை வண்டி ஓட்டறது," என்றார். "அந்த வண்டியில போயித்தான் பாத்தேன்," என்றாள் அவள்.

நூலகம் நிரம்பி வழிந்தது. ஏழு பேர் கொண்ட குழு, நடுவில் தலைவர் கிரேடி டார்வர். அறுபத்தெட்டு வயது, பீக்கன் கொட்டைத் தோப்புகளும் உரக்கடையும் உடையவர். கதவைத் திறந்து பெண்களை முன்னால் விடுகிற மரியாதைக்காரர். வெர்டெலும் கல்யாணத்துக்கு முன்னால் டார்வர்தான். அந்தக் கவுண்டியில் வெள்ளை டார்வர்கள் நாற்பது வீடு இருப்பார்கள், கறுப்பு டார்வர்கள் இருநூறு வீடு. கல்லறைத் தோட்டங்கள் வேறு வேறு.

பேசினார்கள். விளையாட்டில் அரசியல் எதற்கு, பிள்ளைகள் ஆடத்தானே வருகிறார்கள் என்று ஒரு அம்மா. என் அண்ணன் வியட்நாமில் ஒரு காலை விட்டுவந்தான், அவனால் மண்டியிட முடியாது, ஆனாலும் ஊன்றுகோலோடு எழுந்து நிற்கிறான் என்று ஒருவர். அவருக்குக் குரல் உடைந்தது, அதில் பொய் இல்லை என்று வெர்டெலுக்குத் தெரிந்தது. இவளுடைய தேவாலயச் சபையின் மூத்த ஊழியரான டீக்கன் ஒருவரே எழுந்து, நோக்கம் நல்லது, நேரமும் இடமும்தான் சரியில்லை என்றார். அப்படியானால் எந்த நேரம், எந்த இடம் என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அவர் காதில் விழாததுபோல் உட்கார்ந்தார். நூற்றைம்பது வருடம் முன்னால் முடிந்துபோன அடிமைத்தனத்தை இன்றைக்கு இழுக்காதீர்கள் என்று ஒரு இளைஞன் சொன்னதற்குப் பாதி அறை கைதட்டியது. அடுத்து கோச் விட்லோவைக் கேட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கவனம் ஆட்டத்தில் இருந்தது, ஏதோ எறிந்தார்கள், என்னவென்று தெளிவாகப் பார்க்கவில்லை என்றார். இமாரி இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவள் கோச்சைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள்.

வெர்டெல் எழுந்து ஒலிவாங்கிக்குப் போனாள். கையில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். டார்வர் புன்னகைத்தார். "மிஸ் வெர்டெல எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி இவங்களும் டார்வர். அப்படிப் பாத்தா நாங்க சொந்தக்காரங்க, அதனால நிமிஷத்தக் கூட்டிக் கொடுத்தேன்னு யாரும் சொல்லிடக் கூடாது." அறை சிரித்தது. நல்ல மனதோடு சொன்ன நகைச்சுவை, சூட்டைத் தணிக்கச் சொன்னது. அந்த நல்ல மனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"சொந்தம்னு சொன்னீங்க. எப்படிச் சொந்தம்னு மொதல்ல சொல்லிடறேன், அதையும் மூணு நிமிஷத்துல சேத்துக்கங்க. நம்ம கோர்ட்டுல பழைய பத்திரப் புஸ்தகம் இருக்கு. எங்க சபை வரலாறு எழுதறதுக்காகப் போய்ப் பாத்தேன். ஒங்க முன்னோர் ஒருத்தர் செத்தப்போ புள்ளைங்க பாகம் பிரிச்ச பட்டியல். கோவேறு கழுதை பதினொண்ணு. அதுக்குக் கீழ பருத்திக்கொட்டை எடுக்கற யந்திரம் ஒண்ணு. அதுக்குக் கீழ, ஹெஸ்டர், வயசு பத்தொம்பது, நல்லாப் பருத்தி எடுப்பா, கர்ப்பம். அவ்வளவுதான் எழுதியிருக்கு. அவளுக்கு வீட்டுப்பேரு கெடையாது. ஒங்க பேரு பின்னாடிதான் ஒட்டுச்சு. நான் அவ வழியில வந்தவ. கர்ப்பம்னு எழுதினவங்க யாரால-ன்னு எழுதல. அந்த எழுதாம விட்ட எடத்துலதான் நாம சொந்தம், மிஸ்டர் டார்வர்."

டார்வரின் காதுமடல்கள் சிவந்தன. அவர் முன்னாலிருந்த தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தார்.

"முடிஞ்சுபோனதுன்னு ஒரு தம்பி சொன்னாரு. முடிஞ்சுபோனதுன்னா அது ஏன் அந்தப் பசங்க பையில இருந்துச்சு? ஹோல்கம்ல வேற பயிரே இல்லையா? வேர்க்கடல இருக்கு, பீக்கன் இருக்கு. வெள்ளைக்காரப் புள்ளைங்க டீம் வந்தப்ப என்னிக்காவது பருத்தி எறிஞ்சாங்களா? எத எறிஞ்சா எங்க வலிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆக, யாருக்கும் மறக்கல. எங்களத்தான் மறக்கச் சொல்றீங்க. மூணாவது பாகத்துல எட்டு நிமிஷம் விழுந்துச்சு. விசில் ஊதல. கோச் தெளிவாப் பாக்கலையாம். ஒரு காய் அவரு தோள்மேலயே விழுந்துச்சு, தட்டிவிட்டாரு. நான் கீழ்ப்படியில இருந்தேன், அவருக்கும் எனக்கும் நடுவுல ஆறடி."

மேசைமேல் கடிகாரம் பிப் பிப் என்றது. "நேரம் ஆச்சு, மேடம்," என்றார் டார்வர். மிஸ் வெர்டெல் என்று சொல்லவில்லை. ஒலிவாங்கியை யாரோ நிறுத்தினார்கள். அது ஒரு பொருட்டாகவே இல்லை. பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கிற குரல் அவளுடையது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நானும் எழுந்திருக்கல. அந்த எட்டு நிமிஷமும் பையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த அரங்குல முந்நூறு பெரியவங்க இருந்தாங்க, ஒருத்தரும் எழுந்திருக்கல. அதுக்கு எந்த விதியில தண்டனை? விதி பத்தா? இந்தப் பொண்ணுங்க ஒருத்தர் மேல எதையும் எறியல. ஒரு கெட்ட வார்த்த பேசல. ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுட்டு வந்தா அந்தப் பொண்ணு. அவள நீக்கறீங்க."

வாக்கெடுப்பு நான்குக்கு மூன்று. நீக்கம் அப்படியே நின்றது. கூட்டம் அடுத்து கழிப்பறைக் கூரை பழுதுக்குப் போனது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் கோச் விட்லோ அவள் பின்னால் ஓடிவந்தார். "மிஸ் வெர்டெல், ஒரு நிமிஷம். நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம்தான் ஆகுது. ரெண்டு கொழந்தைங்க. வர்ற மாசம் என் வேலைய உறுதி பண்றாங்க."

"எனக்கும் புரியுது, கோச்."

"நான் அவங்களுக்கு நல்லதத்தான் நெனைக்கறேன். சத்தியமா."

"நெனைக்கறீங்க. எனக்குத் தெரியும்," என்றாள் வெர்டெல். "ஆனா நீங்க நெனைக்கறது அவங்களுக்குக் கேக்காதே. கேக்கற மாதிரி ஒரு எடத்துல ஒங்களக் கூப்பிட்டு நிக்க வெச்சாங்க." அவர் அங்கேயே நின்றார். அவர்மேல் இரக்கம் வந்தது அவளுக்கு, அந்த இரக்கமும் எரிச்சலாக இருந்தது. எப்போதும் தாங்கள்தான் இவர்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை கொட்டகைப் பலகையில் புதிய பட்டியல் ஒட்டியிருந்தார்கள். விளையாட்டுப் பயணங்கள் எல்லாவற்றிலும் அவள் பெயருக்குப் பதில் வேறு பெயர். காலை, மாலைச் சுற்று மட்டும் அவளுக்கு விட்டிருந்தார்கள். மேலாளர் காரணம் எதுவும் சொல்லவில்லை. வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறோம் என்றார். பத்தொன்பது வருடத்தில் எத்தனை அணிகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள், வாந்தி எடுத்தவர்களை, காலை உடைத்துக்கொண்டவர்களை, ஜெயித்துவிட்டு ஜன்னல் வழியே உடம்பை நீட்டியவர்களை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது லெமுவேல் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. தாடை மட்டும் மெல்லுவதை நிறுத்தியது. "எழுத்துல குடுத்தாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றாள். "குடுக்க மாட்டாங்க," என்றான்.

அன்று மாலையே இமாரி போனில் கூப்பிட்டாள். சனிக்கிழமை வட்டாரப் போட்டி, ஒரு கல்லூரி அரங்கில், ஒன்றரை மணி நேரப் பயணம். ஐந்து பேரும் அணிப் பேருந்தில் ஏறக் கூடாது, சீருடை போடக் கூடாது. ஆனால் டிக்கெட் வாங்கிப் படியில் உட்காருவதை யாரும் தடுக்க முடியாது. மீதி ஏழு பேர் ஆடுகிறார்கள், அவர்களுக்குக் கைதட்ட ஆள் வேண்டும். அம்மாவுக்குக் கோழி ஆலையில் சனிக்கிழமையும் வேலை. "ஒங்க கார்ல எத்தன பேரு ஏறலாம், மிஸ் வெர்டெல்?"

அவள் பதில் சொல்வதற்குள் லெமுவேல் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். "சபை வேன் சாவி எங்கிட்டதான் இருக்கு."

சனிக்கிழமை காலை அவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தான். பெண்கள் ஏறியதும் வண்டியில் தன்னுடைய பாட்டுகள்தான் என்று சட்டம் போட்டான். அவர்கள் முனகினார்கள், பிறகு பின்னால் இருந்து அவன் பாட்டுக்கே தாளம் தட்டிக் கேலி செய்தார்கள். பாதி வழியில் இமாரி கேட்டாள். "சார்ஜென்ட், நாங்க பண்ணது தப்புன்னு நெனைக்கறீங்கன்னு மிஸ் வெர்டெல் சொன்னாங்க. நெசமா?"

"நெசம்தான்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவன் முன்னால் போன மரலாரியைக் கடந்து, பழைய தடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு சொன்னான். "நான் மண்டி போட மாட்டேன். நீ போடக் கூடாதுன்னு சொல்ற அதிகாரத்தை யாருக்கும் நான் சம்பாதிச்சுக் குடுக்கல." அதற்குமேல் எதுவும் சொல்லாமல் பாட்டின் ஒலியைக் கூட்டினான்.

அரங்கில் அவர்களுக்கு ஏழாவது வரிசையில் இடம் கிடைத்தது. கீழே அணியின் ஏழு பேரும் சீருடையில் நின்று மேலே பார்த்துக் கையசைத்தார்கள். கோச் விட்லோ ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் காகிதங்களுக்குத் திரும்பினார். எல்லோரும் எழும்படி அறிவித்தார்கள். கீதம் தொடங்கியது. லெமுவேல் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்தான், வலது கை நெற்றிக்குப் போய் நின்றது, முழங்கை தோளுக்கு நேராக. அவனுக்கு இடப்பக்கம் ஐந்து பெண்களும் அந்தக் குறுகிய பலகைகளுக்கு நடுவே, இடம் போதாமல் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியபடி, முழங்காலை ஊன்றினார்கள். வெர்டெல் இமாரியின் முதுகில் கை வைத்தாள். மெல்லிய சட்டைக்குள் அந்த முதுகு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "எழுந்திருங்கடி." வெர்டெல் திரும்பினாள். தொப்பியை நெஞ்சில் வைத்த பெரிய உருவம். பெண்கள் அசையவில்லை. அவன் குனிந்து, அவர்களுக்கு மட்டுமில்லாமல் சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். "அந்தப் பெரியவரப் பாருங்க. பட்டாளத்துக்காரரு. ஒங்க ஆளுதான? எப்படி நிக்கறாரு பாருங்க. அவரப் பாத்தாவது வெக்கம் வரல?"

லெமுவேலின் முகம் மாறவில்லை. கை நெற்றியிலேயே இருந்தது. ஆனால் அவன் நகர்ந்தான். ஒரு காலை மேல்படியில் வைத்து, மறு காலையும் தூக்கி வைத்து, முழங்கால் ஊன்றிய பெண்களைத் தாண்டிப் பக்கவாட்டில் இரண்டு அடி வைத்து, அந்த மனிதனுக்கு நேர்முன்னால், அவனுக்கு முதுகைக் காட்டிப் போய் நின்றான். அகன்ற முதுகு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பின்னாலிருந்தவன் இடப்பக்கம் எட்டிப் பார்த்தான், வலப்பக்கம் எட்டிப் பார்த்தான். அவனுக்கு இப்போது பெண்களும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. "யோவ், கொஞ்சம் தள்ளுங்க," என்றான், குரல் இறங்கியிருந்தது. லெமுவேல் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். கீதத்தில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது.